எஞ்சினின் மூச்சும் எண்ணெய் ஆவியும்



மோட்டார் வண்டியின் எஞ்சின் இயங்கும் முறையைப் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சுகளையும் விளக்கும் படமும் அங்கே இருக்கும். அந்தப் படத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள் சிறிதும் இடைவெளியின்றிப் பொருந்தி நிற்கும். படம் வரைபவருக்கு அது எளிது. இரும்பையும் அலுமினியத்தையும் கொண்டு எஞ்சின் செய்பவருக்கோ அது இயலாத காரியம். சூடேறினால் உலோகம் விரியும். ஆகவே மயிரிழை அளவேனும் இடைவெளி விட்டே தீர வேண்டும். அந்த இடைவெளியின் வழியே, சிலிண்டரிலுள்ள வாயுவில் ஒரு சிறு பகுதி கீழே நழுவிவிடுகிறது. அவ்வாறு நழுவிய வாயு எங்கே போகிறது, அதனால் விளையும் தீங்கு யாது, அதை அடக்கியாளும் முறை யாது என்பவற்றையே இன்று ஆராயப் போகிறோம். வலிமை கூட்டி மாற்றியமைக்கப்பட்ட பந்தயக் கார்களில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியும். ஆதலால் அத்தகைய கார் ஒன்றைப் பின்னர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் எஞ்சினின் அமைப்பைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அதன் கீழே கிராங்க் தண்டு சுழல்கிறது. தண்டு சுழலும் மூடிய அறைக்குக் கிராங்க் அறை என்று பெயர். அதன் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. தொட்டியிலுள்ள மசகெண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, தேயும் உறுப்புகளுக்கெல்லாம் அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் தானே வழிந்து மீண்டும் தொட்டியை அடைகிறது. மேலே தீ, கீழே எண்ணெய். இவ்விரண்டுக்கும் நடுவே பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களே காவல்.

இந்த வளையம் முழு வட்டம் அன்று. பிஸ்டனின் மீது மாட்டவும், சூட்டில் விரியவும் இடம் வேண்டுமாதலால் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். சாதாரண எஞ்சினில் அந்த வெட்டின் அகலம் சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு இருக்கலாம் என்பது பழகிய கணக்கு. விட்டம் 86 மில்லிமீட்டரானால் வெட்டு ஏறக்குறைய 0.34 மில்லிமீட்டர். டர்போ பூட்டிய எஞ்சினில் சூடு மிகுதி. வளையம் மேலும் விரியும். இரு முனைகளும் முட்டிக்கொண்டால் வளையம் முறிந்து சிலிண்டரைக் கீறிவிடும். ஆகவே ஆயிரத்தில் ஐந்து அல்லது ஆறு பங்கு விடுவார்கள். வலிமையை விரும்பி அடித்து வார்த்த பிஸ்டன்களைப் பொருத்தினாலோ, அவற்றுட் சில வகை உலோகங்கள் அதிகமாக விரிவதால், குளிர்ந்த நிலையில் பிஸ்டனைச் சுற்றியும் இடைவெளி கூடும். இவ்வாறு வலிமையைத் தேடிச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கசிவுக்கான வாயிலைச் சற்றே அகலத் திறக்கிறது. அத்துடன் சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் உயர்கிறது. சாதாரண எஞ்சினில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு இருப்பது, டர்போ எஞ்சினில் நூறு மடங்கையும் எட்டக்கூடும். வாயிலும் பெரிது, தள்ளும் விசையும் பெரிது என்றால் கசிவும் பெரிதாகத்தானே இருக்கும்?

கசிந்த வாயுவை மெக்கானிக்குகள் 'புளோ-பை' என்பர். நாம் கசிவு வாயு என்று சொல்லுவோம். அதில் என்னென்ன இருக்கின்றன? எரியாமல் நழுவிய பெட்ரோல் ஆவியும் காற்றும் பெரும்பகுதி. எரிந்த பின் உண்டான கரியமில வாயுவும் நீராவியும் மற்றொரு பகுதி. நைட்ரஜனின் ஆக்சைடுகள் சிறிதளவு. நீராவி எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டா. பெட்ரோலில் கரியும் ஹைட்ரஜனும் உள்ளன. ஹைட்ரஜன் எரிந்தால் நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். ஒரு துளிப் பங்கு கிராங்க் அறைக்குள் இறங்கி, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகி, எண்ணெயுடன் கலந்து, மோர் போன்ற வெண்மையான பிசுக்காகிவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்த நீரில் கரைந்து அமிலமாகும். அமிலம் தாங்கிகளை அரிக்கும். காலையில் எஞ்சினை எழுப்பி இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிடும் வண்டிகளில் எண்ணெய் விரைவில் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீரை ஆவியாக்கித் துரத்தும் அளவுக்கு அவற்றின் எண்ணெய் சூடேறுவதே இல்லை.

கசிவு வாயு கிராங்க் அறைக்குள் வெறுமனே தங்கியிருப்பதில்லை. நிமிடத்துக்கு ஏழாயிரம் முறை சுழலும் தண்டு எண்ணெயைச் சிதறடித்துக்கொண்டிருக்கிறது. சிதறிய திவலைகள் வாயுவில் மிதக்கின்றன. இங்கே இரண்டு சொற்களின் வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். எண்ணெய் சூட்டினால் வாயுவடிவம் பெற்றால் அது ஆவி. எண்ணெய் நுண்ணிய திவலைகளாகவே மிதந்தால் அது மூடுபனி போன்றது. எண்ணெய்ப்பனி என்று சொல்லலாம். ஆவியைக் குளிர வைத்துத்தான் பிடிக்க முடியும். பனியை எதன்மீதாவது மோத வைத்துப் பிடிக்கலாம். எஞ்சினிலிருந்து வெளிப்படுவது இரண்டும் கலந்த கலவை. பிடிக்கும் முறையும் இரண்டு வகையாக இருக்க வேண்டும் என்பது இதனாலேயே விளங்கும்.

'கிராங்க் அறையை இறுக மூடிவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். மூடினால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கொதிக்கும் பாத்திரத்தின் மூடியை அழுத்திப் பிடித்தால் ஆவி ஏதேனும் ஓர் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டு வருமல்லவா? எஞ்சினிலும் அவ்வாறே. எண்ணெயின் அளவு பார்க்கும் கோல் தானே மேலெழும்பும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் அடைப்புகள் கசியும். வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் வழியும். வழிந்த எண்ணெய் செந்தழலாய்க் காய்ந்த புகைக்குழாயின்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். டயரின்மேலோ பந்தயப் பாதையின்மேலோ விழுந்தால், வளைவில் பின்னால் வருபவன் உயிருக்கே ஆபத்து. கிராங்க் அறைக்கு மூச்சு வேண்டும் என்பது வசதியைப் பற்றிய பேச்சன்று. பாதுகாப்பைப் பற்றிய பேச்சு.

எண்ணெய்ப்பனியின் கொடுமையைக் கடலோடிகள் மிகுந்த விலை கொடுத்து அறிந்தனர். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், ரெய்னா டெல் பசிபிக்கோ என்னும் பயணக் கப்பல் பழுது பார்க்கப்பட்டபின் வட அயர்லாந்துக் கடலில் சோதனை ஓட்டத்தில் இருந்தது. அதன் பெரிய டீசல் எஞ்சின்களின் கிராங்க் அறைகள் வெடித்தன. 28 பேர் மாண்டனர். எண்ணெய்ப்பனி காற்றுடன் தக்க விகிதத்தில் கலந்து, உள்ளே அளவுக்கு மீறிச் சூடான ஓர் உறுப்பைத் தொட்டுவிட்டால் அது வெடிமருந்தாகிவிடுகிறது. கார் எஞ்சினின் கிராங்க் அறை மிகச் சிறியது. அங்கே இத்தகைய பேரழிவு நேர்வது அரிது. ஆயினும் உள்ளே மிதப்பது எளிதில் எரியும் பொருள் என்பதை மறத்தலாகாது.

இனி, இந்த வாயுவுக்கு வழி கண்ட வரலாற்றைப் பார்ப்போம். பழைய கார்களில் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கும். அதன் வாய் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது வாயருகே விரையும் காற்று உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சிவிடும். எஞ்சினின் மேற்புறத்தில் உள்ள மற்றொரு துளை வழியே புதுக் காற்று நுழையும். ஓர் அறையில் காற்றோட்டம் வேண்டுமானால் ஒரு சாளரம் போதாது. எதிரே மற்றொன்றும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். இங்கும் அதே முறைதான். ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தால் இந்த உறிஞ்சுதல் நடவாது. மேலும் வெளிவந்த எண்ணெயும் பெட்ரோல் ஆவியும் சாலையிலும் காற்றிலும் கலந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, நீரோடைகளைக் கடக்க வேண்டிய ராணுவ வண்டிகளில் எஞ்சினுக்குள் நீர் புகாதிருக்கும் பொருட்டு, அந்தக் குழாயை வெளியே விடாமல் எஞ்சின் காற்று உறிஞ்சும் பக்கத்துடனேயே இணைத்தார்கள். நீரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு பின்னர்க் காற்றைக் காக்கவும் பயன்பட்டது.

அது எவ்வாறு நேர்ந்தது? கலிபோர்னியாவிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை ஒருவகைப் பழுப்புப் புகைமூட்டம் வருத்திக்கொண்டிருந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, கீரைகளின் இலைகள் கருகின, ரப்பர் வெடித்தது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் பேராசிரியர், அதே கருவிகளைக் கொண்டு நகரத்துக் காற்றை ஆராயத் தலைப்பட்டார். பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் முதலியவற்றை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். அந்நாளையக் கார் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட எரியாத பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, புகைக்குழாய் வழியே அன்று, கிராங்க் அறையின் குழாய் வழியே வந்தது என்பதும் தெரிந்தது. 1961-இல் கலிபோர்னியா அரசு, கசிவு வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1963 முதல் அங்கே விற்கப்பட்ட அமெரிக்கக் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் கார்ப் புகையைக் கட்டுப்படுத்த முதன்முதலாக விதிக்கப்பட்ட ஏற்பாடு இதுவே.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை கட்டைவிரல் அளவே உள்ள ஒரு வால்வு. அதைப் பி.சி.வி. வால்வு என்பார்கள். உள்ளே ஒரு சுருள்வில்லும் ஒரு சிறு அடைப்பானும் இருக்கின்றன. எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சு குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. அந்த உறிஞ்சுதலுக்கு இழுபட்டு அடைப்பான் வழியைக் குறுக்கிவிடும். அப்போது கசிவும் குறைவாதலால் சிறு வழியே போதும். வண்டி சீராக ஓடும்போது உறிஞ்சுதல் தளரும். வில் அடைப்பானைத் தள்ளி வழியை அகலப்படுத்தும். உறிஞ்சு குழாயில் தற்செயலாகத் தீ பின்வாங்கி வெடித்தால், அடைப்பான் எதிர்ப்பக்கம் போய் வழியை மூடித் தீயைக் கிராங்க் அறைக்குள் விடாமல் காக்கும். மற்றொரு குழாய் காற்று வடிகட்டியிலிருந்து தூய காற்றைக் கிராங்க் அறைக்குக் கொண்டுவரும். மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. ஒரு வில்லும் காற்றழுத்தமுமே வேலை செய்கின்றன.

ஆனால் காரின் முடுக்கியை முற்றும் அழுத்தினால் உறிஞ்சு குழாயில் உறிஞ்சுதலே இராது. கசிவோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வால்வினால் இழுக்க முடியாத வாயு, தூய காற்று வந்த குழாய் வழியே எதிர்த்திசையில் திரும்பி, காற்று வடிகட்டியின் பக்கம் போய்ச் சேரும். டர்போ எஞ்சினில் நிலைமை இன்னும் கடினம். அங்கே உறிஞ்சு குழாயில் வளிமண்டலத்தை மீறிய அழுத்தம் நிலவும். வால்வு உடனே மூடிக்கொள்ள வேண்டும். பழுதுபட்டு மூடாவிட்டால் டர்போ தள்ளும் காற்று கிராங்க் அறைக்குள்ளேயே பாயும்.

இப்போது உதாரணத்துக்கு வருவோம். ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் 1989-இல் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். என்னும் காரை வெளியிட்டது. அதன் எஞ்சினுக்கு ஆர்.பி.26 என்று பெயர். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டம் 86 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 2568 கன சென்டிமீட்டர், இரண்டு டர்போக்கள். பந்தயத்தை முன்னிட்டே வடிக்கப்பட்ட இந்தக் கார், 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார்ப் போட்டியில் நடந்த 29 பந்தயங்களிலும் வென்றது. 280 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட இந்த எஞ்சினைப் பலர் பெரிய டர்போக்களைப் பூட்டி இரண்டு மடங்குக்கு மேலும் உயர்த்தியிருக்கின்றனர். அவ்வாறு மாற்றுவோர் அனைவரும் முதலில் சந்திக்கும் தொல்லைகளுள் ஒன்று, மூச்சுக் குழாய்கள் வழியே எண்ணெய் பொங்கி வருவது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். நிமிடத்துக்கு 7000 சுற்று என்றால் 3500 முறை. 2.568 லிட்டரை 3500-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9000 லிட்டர். டர்போ, வளிமண்டலத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் காற்றை ஊட்டினால், சாதாரணக் காற்றின் அளவில் 18,000 லிட்டர். இதில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே நழுவுவதாக வைத்துக்கொள்வோம். அதுவே நிமிடத்துக்கு 180 லிட்டர் ஆகிறது. இதனை 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு ரப்பர் குழாய் வழியே அனுப்பினால், வாயு நொடிக்கு 38 மீட்டர், அதாவது மணிக்கு 137 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அது கடும்புயலின் வேகம். புயல் மரத்தையே பெயர்க்கும்போது எண்ணெய்த் திவலையைச் சும்மா விடுமா? அதே வாயுவை 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்களில் பகிர்ந்து அனுப்புங்கள். வேகம் நொடிக்கு 5 மீட்டரை ஒட்டி இறங்கிவிடும். அது மணிக்கு 19 கிலோமீட்டர் வீசும் மென்காற்று. விட்டம் இரு மடங்கானால் வாயிலின் பரப்பு நான்கு மடங்காகும் என்னும் பள்ளிக் கணிதமே இங்கே எஞ்சினைக் காக்கிறது. அகன்ற குழாய் வாயுவுக்கு வழியைத் தருவதுடன் எண்ணெயைப் பின்தங்கவும் வைக்கிறது.

ஆர்.பி.26 எஞ்சினில் மற்றொரு சிக்கலும் உண்டு. பம்பு எஞ்சினின் தலைப்பகுதிக்குத் தாராளமாக எண்ணெய் அனுப்புகிறது. அந்த எண்ணெய் கீழே இறங்க உள்ள துவாரங்கள் வழியாகவே கிராங்க் அறையின் வாயுவும் மேலே ஏற வேண்டும். ஒரு குறுகிய படிக்கட்டில் இறங்கும் கூட்டமும் ஏறும் கூட்டமும் எதிர்ப்பட்டால் என்னவாகும்? ஏறும் கூட்டம் வலுத்தால் இறங்குவோர் மேலேயே தேங்கி நிற்பர். நெடுநேரம் உயர்ந்த வேகத்தில் ஓடும்போது தலைப்பகுதியில் எண்ணெய் இவ்வாறு தேங்கி, மூச்சுக் குழாயின் வாயை எட்டி, வாயுவுடன் வெளியேறுகிறது. மேலே தேங்கிய எண்ணெய் கீழே தொட்டியில் இல்லாத எண்ணெய் அல்லவா? பம்பு ஒரு கணம் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சினால், கிராங்க் தண்டின் தாங்கிகள் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து அழிந்துவிடும். எஞ்சினின் அழிவு பல வேளைகளில் இவ்வாறே தொடங்குகிறது.

இதற்கு அறிந்தோர் செய்யும் பரிகாரம் பலவாகும். தலைக்குச் செல்லும் எண்ணெய் வழியில் சிறு துளையுள்ள ஓர் அடைப்பை வைத்து அளவைக் குறைக்கின்றனர். மிகக் குறைத்தால் மேலுள்ள உறுப்புகள் தேயும் என்பதால் அளவறிந்து செய்ய வேண்டும். தலையின் பின்புறத்திலிருந்து தொட்டிக்குத் தனியாக ஓர் அகன்ற குழாய் அமைக்கின்றனர். ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் இரண்டாவது படிக்கட்டு கிடைத்தாற்போல் நெருக்கடி தீர்கிறது. வால்வு மூடிக்குள் தடுப்புத் தகடுகளை வைத்து, தெறிக்கும் எண்ணெய் நேரே குழாய்க்குள் புகாதபடி செய்கின்றனர். இவ்வளவும் செய்த பின்னரே எண்ணெய் பிடிக்கும் கலம் பற்றி நினைக்க வேண்டும்.

அந்தக் கலத்தைக் 'கேட்ச் கேன்' என்று கடைகளில் விற்கிறார்கள். எண்ணெயை ஏன் பிடிக்க வேண்டும்? பிடிக்காவிட்டால் அது டர்போவின் காற்றுச் சக்கரத்திலும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் உட்சுவரிலும் படியும். படிந்தால் குளிர்ச்சி குறையும். எண்ணெய் கலந்த காற்றில் பெட்ரோல் தன் முறை வருமுன்னரே தானாகத் தீப்பற்றும் இயல்பைப் பெறுகிறது. எஞ்சின் சம்மட்டியால் தட்டுவதுபோல் ஒலிக்கும். அந்தத் தட்டல் பிஸ்டனை உடைக்கும். பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேரே பீய்ச்சும் இக்கால எஞ்சின்களில், உறிஞ்சு வால்வுகளைக் கழுவப் பெட்ரோல் வருவதே இல்லையாதலால், எண்ணெய் அங்கே கரியாகப் படிந்து வழியை அடைக்கும்.

வெறும் காலிப் பாத்திரம் ஒன்றைக் குழாயின் நடுவே வைத்துவிட்டால் எண்ணெய் அதில் விழுந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். திவலை எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் ஆகும். 10 மைக்ரான் விட்டமுள்ள எண்ணெய்த் திவலை அசைவற்ற காற்றில் நொடிக்கு இரண்டரை மில்லிமீட்டர் இறங்கும். 10 சென்டிமீட்டர் இறங்க முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். 1 மைக்ரான் திவலையின் வேகமோ அதில் நூற்றில் ஒரு பங்கே. அதே தொலைவை இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். வாயு அந்தப் பாத்திரத்தில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. ஆகவே நல்ல கலத்தில் தடுப்புகளும் கம்பி வலையும் இருக்கும். வாயு திரும்பித் திரும்பிச் செல்லும். எடை மிகுந்த திவலைகளால் அவ்வளவு விரைவில் திரும்ப முடியாது. சுவரிலும் கம்பியிலும் மோதி ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாகி வடியும். பனிக்காலைப் புல்நுனியில் மூடுபனி முத்துமுத்தாகத் திரள்வதும் இதே இயல்பினால்தான். ஆவியாக உள்ள பகுதி குளிர வேண்டுமாதலால், கலத்தைப் புகைக்குழாயின் சூட்டுக்கு அப்பால் காற்றுபடும் இடத்தில் பொருத்த வேண்டும். பிடித்ததை அவ்வப்போது வடித்துவிடவும் வேண்டும். சாலையில் ஓடும் காரில் அது எண்ணெய் மட்டும் அன்று. நீரும் பெட்ரோலும் அமிலமும் கலந்த கழிவு. அதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புதல் நன்றன்று. மிகுந்த சூட்டில் ஓடிப் பெரும்பாலும் எண்ணெயையே வெளியேற்றும் பந்தயக் காரில் மட்டும் அவ்வாறு திருப்புவதுண்டு.

கலத்திலிருந்து வெளிவரும் வாயுவை என்ன செய்வது? கலத்தின் தலையில் ஒரு சிறு வடிகட்டியை வைத்துக் காற்றில் விட்டுவிடுவது ஒரு முறை. பந்தயப் பாதையில் இதற்கு இடமுண்டு. எஃப்.ஐ.ஏ. சம்மேளனத்தின் விதிகள், இவ்வாறு திறந்த மூச்சுள்ள கார்களுக்கு எண்ணெய் பிடிக்கும் கலத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. 2000 கன சென்டிமீட்டர் வரையுள்ள எஞ்சினுக்கு 2 லிட்டர், அதற்கு மேற்பட்டதற்கு 3 லிட்டர் கொள்ள வேண்டும். உள்ளே எவ்வளவு நிறைந்துள்ளது என்பது வெளியே தெரியவும் வேண்டும். நம் உதாரணக் காருக்கு 3 லிட்டர் கலம் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இந்த விதி ஓட்டுபவனைக் காட்டிலும் அவன் பின்னால் வருபவனையே காக்கிறது.

சாலையில் ஓடும் காருக்கு அம்முறை பொருந்தாது. கலத்தின் வெளிவாயை டர்போவின் உறிஞ்சு பக்கத்துடன் மீண்டும் இணைத்து, எஞ்சிய ஆவியை எஞ்சினிலேயே எரியவிட வேண்டும். இதனால் எஞ்சினுக்கும் நன்மை உண்டு. மூச்சைத் திறந்துவிட்டு வால்வையும் கழற்றி எறிந்தவர்கள், கிராங்க் அறையிலிருந்து வாயு வெளிவருவதை மட்டுமே காண்கின்றனர். தூய காற்று உள்ளே நுழைந்து நீரையும் பெட்ரோல் ஆவியையும் கழுவிச் செல்வது நின்றுவிட்டதைக் காண்பதில்லை. அவர்களுடைய எண்ணெய் விரைவில் கெடுகிறது. அன்றியும், உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் விடும் எஞ்சினில், கழற்றிய குழாயின் வாயை அடைக்காவிட்டால் அளவையில் சேராத காற்று புகுந்து கலவையின் விகிதத்தைக் கெடுக்கும்.

பெரும்பந்தயக் கார்கள் சில வேறு வழியை நாடுகின்றன. எண்ணெய்த் தொட்டியை எஞ்சினின் அடியில் வைக்காமல் தனியே வைத்து, விழும் எண்ணெயையும் வாயுவையும் பம்புகளால் உடனுக்குடன் உறிஞ்சிவிடுகின்றன. கிராங்க் அறையில் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுவதால் வளையங்கள் நன்றாகப் பதிகின்றன. சுழலும் தண்டு எண்ணெயில் உழலுவதும் குறைகிறது. இது சிறந்த முறை. ஆனால் விலை மிகுந்தது.

எந்த முறையைக் கொண்டாலும் அளந்து பார்க்காமல் முடிவு செய்யலாகாது. அளக்கும் கருவி உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த குழாயை U வடிவில் வளைத்துப் பாதியளவு நீர் ஊற்றினால் அழுத்தமானி ஆயிற்று. அதன் ஒரு முனையை எண்ணெய்க் கோல் செருகும் குழாயுடன் பட்டறையில் இணைத்து, இருபுற நீர்மட்டத்தின் வேறுபாட்டைப் பார்க்கலாம். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். ஆகவே 10 சென்டிமீட்டர் வேறுபாடு வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. நலமாயுள்ள எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் கிராங்க் அறையில் சிறிதளவு உறிஞ்சுதலே காணப்படும். உறிஞ்சுதலுக்குப் பதிலாக அழுத்தம் காணப்பட்டால், வால்வு அடைத்துக்கொண்டது அல்லது வளையங்கள் தேய்ந்தன என்று ஐயுற வேண்டும். அப்போது பெரிய கலமாகப் பார்த்து வாங்கி மாட்டுவது, காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசுவது போன்றதாகும். சூடு சற்றுத் தணிந்தாற்போல் தோன்றும். நோய் உள்ளே வளரும். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று சோதித்து, நோயின் மூலத்தை முதலில் அறிய வேண்டும். கலத்தில் சேரும் எண்ணெயின் அளவைத் தேதியிட்டுக் குறித்து வருவதும் நல்ல பழக்கம். அளவு திடீரென்று பெருகினால் எஞ்சின் ஏதோ சொல்ல விரும்புகிறது என்று பொருள்.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆகவே வலிமை கூட்டும் ஆசை உள்ளவர்கள் அதைப் பந்தயப் பாதைக்கென்றே வைத்துக்கொள்ளுதல் முறை.

இதுவரை கூறியவற்றை மூன்று கடமைகளாகத் தொகுத்துக்கொள்ளலாம். கசிவு வாயுவுக்குத் தாராளமான வழியைத் தர வேண்டும். அடைத்தால் அது உடைத்துக்கொண்டு வரும். எண்ணெயை எஞ்சினுக்குள்ளேயே நிறுத்த வேண்டும். தப்பி வந்ததைப் பிடிக்க வேண்டும். எஞ்சிய ஆவியைத் தெருவில் விடாமல் நெருப்பிடமே ஒப்படைக்க வேண்டும். முதலிரண்டும் வண்டிக்காரனின் நன்மைக்கு. மூன்றாவது ஊராரின் நன்மைக்கு. வலிமையை இரு மடங்காக்கும் ஒருவன் தன் கழிவையும் இரு மடங்காக்குகிறான். அந்தக் கழிவுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பும் அவனைச் சேர்ந்தது. எஞ்சின் நூலைப் படிக்கும் மாணவர்கள் குதிரைத்திறனைக் கணக்கிடும் பக்கத்தோடு நின்றுவிடாமல், மூச்சுக்குழாயின் விட்டத்தைக் கணக்கிடும் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பார்களாக.